போன், சார்ஜர், தண்ணீர்: வீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பக்கெட்டில் விழுந்த செல்போனை எடுக்கப் பலர் பயப்படுகிறார்கள். அதே ஆட்கள் சார்ஜில் இருக்கும் போனை ஈரக்கையோடு எடுத்துப் பேசுகிறார்கள். பயப்பட வேண்டிய இடம் இரண்டாவதுதான். போனுக்குள் இருக்கும் பேட்டரியின் மின்னழுத்தம் ஏறக்குறைய 4 வோல்ட். வயர் இல்லாமல் தண்ணீரில் விழுந்தால் போன் கெடலாம், ஆளுக்கு ஷாக் அடிக்காது. உயிரைப் பறிப்பது சுவரில் இருக்கும் 230 வோல்ட். அதற்கும் உங்கள் கைக்கும் நடுவே இருப்பது சார்ஜருக்குள் உள்ள சிறு டிரான்ஸ்ஃபார்மரும் சில மில்லிமீட்டர் இடைவெளியும் மட்டுமே.

காய்ந்த தோல் கரண்டை ஓரளவு தடுக்கும். நனைந்துவிட்டால் உடலின் மின்தடை 1000 ஓம் அளவுக்குக்கூட இறங்கிவிடும். அந்த நிலையில் 230 வோல்ட்டைத் தொட்டால் 230 மில்லி ஆம்பியர் உடம்பில் பாயும். 10 மில்லி ஆம்பியரைத் தாண்டினாலே பிடித்த கையை விட முடியாமல் போகலாம். 30 மில்லி ஆம்பியருக்கு மேல் சில நொடிகள் நீடித்தால் மூச்சும் இதயத்துடிப்பும் தடுமாறும்.

குளியலறைக்குள் சார்ஜ் போடுவது

கீசர் பாயிண்டில் சார்ஜரைச் செருகுவது, வெளியிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸை இழுத்து வைப்பது இரண்டுமே கூடாது. போலி சார்ஜர்களில் 230 வோல்ட் பக்கத்துக்கும் போனுக்குப் போகும் பக்கத்துக்கும் இடையே இருக்க வேண்டிய இடைவெளியைக் குறைத்துவிடுகிறார்கள். வெந்நீர் ஆவி அதற்குள் படிந்தால் கரண்ட் வயர் வழியே போன்வரை வரும். ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்பவர் அதைத் தொட்டால், கரண்ட் பூமிக்கு இறங்கும் வழி அவர் உடல்தான்.

சார்ஜர் வாங்கும்போது பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) முத்திரையையும், அதன் கீழே ஆங்கில ஆர் எழுத்தில் தொடங்கும் எட்டு இலக்கப் பதிவு எண்ணையும் பாருங்கள். அந்த எண்ணை 'பிஐஎஸ் கேர்' செயலியில் போட்டால் யாருடைய பெயரில் பதிவாகியிருக்கிறது என்று தெரியும். நல்ல சார்ஜரில்கூட உலோக உடல் கொண்ட போனைத் தொடும்போது லேசாகச் சுருக்கென்று இருக்கலாம். உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் வழியே வரும் மிகச் சிறிய கசிவு அது. ஆனால் பழுதான சார்ஜரும் முதலில் அதே உணர்வைத்தான் தரும். கையால் தொட்டு இரண்டையும் பிரித்தறிய முடியாது. பெயர் தெரியாத சார்ஜர் சுருக்கென்றால் தூக்கி எறிந்துவிடுங்கள்.

சுவிட்ச் ஆஃப் ஆகிவிட்டது என்ற நம்பிக்கை

ஹேர் டிரையரின் சுவிட்சை அணைத்தாலும் பிளக் செருகியிருக்கும்வரை அந்தச் சுவிட்ச் வரைக்கும் கரண்ட் நிற்கிறது. தண்ணீரில் விழுந்தால் சுவிட்சுக்குள்ளும் தண்ணீர் போகும். சுவர் சுவிட்சையும் முழுசாக நம்ப முடியாது. வயரிங்கில் ஃபேஸும் (கரண்ட் வரும் வயர்) நியூட்ரலும் (கரண்ட் திரும்பும் வயர்) மாறியிருந்தால் சுவிட்ச் துண்டிப்பது நியூட்ரலை. பிளக் பாயிண்டில் ஃபேஸ் அப்படியே இருக்கும். பிளக்கைப் பிடுங்கினால்தான் உறுதி. டிரிம்மரைக் கழுவுவதற்கு முன்னும் இதே விதி. குழாய்ப் படம் போட்டிருந்தால் கழுவலாம், ஷவர் படம் இருந்தால் குளிக்கும்போதும் பயன்படுத்தலாம், இரண்டும் வயரைக் கழற்றிய பிறகுதான்.

வாட்டர் ஹீட்டர் ராடு வைத்திருப்பவர்கள் செய்யும் தவறும் இந்த வகைதான்: கரண்ட் ஓடும்போதே விரலை விட்டுச் சூடு பார்ப்பது. ராடைப் பிளாஸ்டிக் பக்கெட்டில் வைத்து, தண்ணீர் அளவுக்கோட்டுக்கு மேல் வந்த பிறகே பிளக்கைச் செருகுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகே தண்ணீரைத் தொடுங்கள். இரும்பு, அலுமினியப் பாத்திரங்கள் வேண்டாம்.

விழுந்ததும் பாய்ந்து எடுப்பது

இதுதான் ஆளைக் கொல்லும் தவறு. சார்ஜில் இருக்கும் போனோ ஹேர் டிரையரோ பக்கெட்டில் விழுந்து, டிரிப்பும் ஆகவில்லை என்றால் கரண்ட் இல்லை என்று முடிவுசெய்துவிடாதீர்கள். பிளாஸ்டிக் பக்கெட்டிலிருந்து கரண்ட் பூமிக்குப் போக வழியில்லை, அதனால் எதுவும் நடக்காததுபோல் இருக்கும். நீங்கள் கையை விட்டதும் வழி கிடைத்துவிடும். முதலில் மெயினை அணையுங்கள், பிறகு காய்ந்த கையால் பிளக்கைப் பிடுங்குங்கள், அதன்பின் எடுங்கள்.

மெயினை அணைத்தாலும் இன்வர்ட்டர் உள்ள வீட்டில் அதன் லைனில் 230 வோல்ட் தொடர்ந்து வரும். மழைக்காலத்தில் ஈபி கரண்ட் போனதும் தரையில் கிடக்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தைரியமாகத் தொடுகிறார்கள். அந்த பாயிண்ட் இன்வர்ட்டரில் இருந்தால் என்ன ஆகும்? எனவே இன்வர்ட்டரையும் அணைக்க வேண்டும்.

எம்சிபி (அளவுக்கு மீறிக் கரண்ட் ஓடினால் தானாகத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதே என்பது இன்னொரு தவறான தைரியம். 6 ஆம்பியர் எம்சிபி வயர் எரியாமல் காக்கும். ஆளைக் கொல்ல அதில் நூறில் ஒரு பங்குகூடத் தேவையில்லை. ஆளைக் காப்பது கரண்ட் கசிந்தால் தானாகத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. அந்த அளவு கசிவு வந்தால் 0.3 நொடிக்குள் துண்டிக்கும். டெஸ்ட் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். சில வீடுகளில் ஆர்சிசிபி இன்வர்ட்டருக்கு முன்னால் மட்டும் இருக்கும், பேட்டரியில் ஓடும் லைனுக்கு அதனால் பயனில்லை. எலக்ட்ரீஷியனிடம் இதைக் குறிப்பாகக் கேளுங்கள்.

யாருக்காவது ஷாக் அடித்தால் அவரைத் தொடாதீர்கள். மெயினை அணையுங்கள், முடியாவிட்டால் காய்ந்த மரக்கட்டையால் வயரைத் தள்ளுங்கள். மூச்சு இல்லையென்றால் 108-ஐ அழைத்துவிட்டு உடனே மார்பை அழுத்தத் தொடங்குங்கள்.

ஐபி68 போட்டிருக்கிறதே

ஐபி எண் என்பது தூசியும் தண்ணீரும் போனுக்குள் புகாமல் எந்த அளவு தடுக்கப்படும் என்பதைச் சொல்வது. ஐபி67 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும். ஐபி68-க்கு ஆழத்தையும் நேரத்தையும் தயாரிப்பாளரே சொல்கிறார். இரண்டுமே அசையாத நல்ல தண்ணீரில், புதிய போனை வைத்துச் செய்யும் சோதனைகள். சோப்புத் தண்ணீர் மெல்லிய இடுக்கிலும் நுழையும், நீராவி அதைவிட எளிதாக நுழையும். வேகமாக அடிக்கும் குழாய்த் தண்ணீருக்கு வேறு சோதனை இருக்கிறது. ஒருமுறை கீழே விழுந்து ஓரம் நெளிந்த போனிலும், வெளியில் டிஸ்பிளே மாற்றிய போனிலும் அந்த எண்ணை நம்பாதீர்கள்.

நனைந்த போனை அரிசியில் புதைப்பது

முதல் வேலை போனை அணைப்பது. பேட்டரி இணைந்திருக்கும்போது தண்ணீர் பட்ட இடத்தில் மின்பகுப்பு நடந்து செம்புத் தடங்கள் அரிக்கப்படும். வேலை செய்கிறதா என்று ஆன் செய்து பார்ப்பது அந்த அரிப்பை வேகமாக்கும். கவர், சிம் தட்டை எடுத்துவிட்டு, சார்ஜ் துளை கீழ்நோக்க உள்ளங்கையில் மெதுவாகத் தட்டுங்கள். காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். துளை முழுசாகக் காய 24 மணி நேரம்வரை ஆகலாம், அதுவரை சார்ஜ் போட வேண்டாம். அரிசி உள்ளே இருக்கும் தண்ணீரை இழுக்காது, அதன் துகள்தான் துளையில் சிக்கும். ஆப்பிள் நிறுவனமே அரிசி வேண்டாம் என்கிறது. ஹேர் டிரையர் சூடு பசையை இளக்கும், வெயில் பேட்டரியைக் கெடுக்கும்.

உப்பான போர்வெல் தண்ணீரில் விழுந்திருந்தால் காய்ந்த பிறகும் உள்ளே உப்பு தங்கி அரிக்கும். வேலை செய்தாலும் சர்வீஸுக்குக் கொடுத்துத் திறந்து சுத்தம் செய்வது நல்லது. லேப்டாப்பில் காபி கொட்டினால் சுவரிலிருந்து அடாப்டரைப் பிடுங்கி, பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்து, கூடாரம்போல் கவிழ்த்து வையுங்கள்.

நனைந்து சில நாள் கழித்துப் போனின் பின்மூடி புடைத்துக்கொண்டால் பேட்டரி ஊதுகிறது என்று பொருள். அழுத்தவோ குத்தவோ சார்ஜ் போடவோ கூடாது. எரியும் பொருள்கள் இல்லாத இடத்தில் வைத்து, சர்வீஸ் சென்டரில் கொடுத்துவிடுங்கள், குப்பைத் தொட்டியில் போடாதீர்கள்.