அம்பாசடர்ல மிஸ்ஸிங்கா? கார்புரேட்டரை விடுங்க, முதல்ல டிஸ்ட்ரிபியூட்டரைத் திறங்க

பழைய பெட்ரோல் அம்பாசடர், அந்த 1489 சிசி இன்ஜின் வண்டி வச்சிருக்கவங்களுக்குத்தான் இது. வண்டி இழுக்கலன்னு சொன்னதும் மெக்கானிக் கை நேரா கார்புரேட்டருக்குத்தான் போகும். என் வண்டிக்கும் ரெண்டு தடவை கார்புரேட்டரைக் கழட்டி மாட்டினாங்க, காசு போனதுதான் மிச்சம். ஐடிலிங்ல சும்மா கும்முனு நிக்கும், ஆக்சிலேட்டரை மிதிச்சா மட்டும் டப் டப்னு மிஸ்ஸிங், அதாவது இன்ஜின் இடையிடையே எரியாம திக்கும். கடைசில பாத்தா டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ள (ஒவ்வொரு பிளக்குக்கும் முறை வச்சு கரண்டைப் பிரிச்சுக் குடுக்கிற டப்பா) பேஸ் பிளேட்டையும் (உள்ள இருக்க தட்டு) பாடியையும் சேர்க்கிற விரல் நீள எர்த் ஒயர், மேல உறை நல்லா இருக்கு, உள்ள செம்பு நார் அத்தனையும் அறுந்து போயிருக்கு. மிதிக்கும்போது வேக்கம் அட்வான்ஸ் (கார்புரேட்டர் உறிஞ்சலால ஸ்பார்க்கை முன்கூட்டி வர வைக்கிற அமைப்பு) பிளேட்டை இழுக்கும், அப்போ அந்த ஒயர் விட்டு விட்டுத் தொடும். அதனால டிஸ்ட்ரிபியூட்டர் மூடியை, அதாவது கேப்பைத் திறந்ததும் முதல்ல அந்த ஒயரை லேசா இழுத்துப் பாருங்க, ரப்பர் மாதிரி நீண்டா உள்ள அறுந்திருச்சுன்னு அர்த்தம்.

கேப்பைத் துணியால துடைச்சு வெளிச்சத்துல காட்டுங்க. உள்பக்கம் பென்சில்ல கோடு போட்ட மாதிரி கருப்பு ரேகை இருந்தா மாத்துறதைத் தவிர வழியில்ல, சுரண்டினாலும் மறுபடி வரும். நடுவுல இருக்க கார்பன் குச்சி ஸ்பிரிங்ல அமுங்கி எழும்பணும். ராத்திரி லைட்டெல்லாம் அணைச்சிட்டு, ஓடுற இன்ஜினை பானட் திறந்து தள்ளி நின்னு பாருங்க, கேப் மேலயோ ஒயர் மேலயோ நீலமா பொறி ஓடினா ஆள் சிக்கிட்டான். மழைக்காலத்துல காலைல ஸ்டார்ட் ஆகாம படுத்துறதுக்கும் பாதி நேரம் இதான் காரணம்.

அடுத்து கேப்புக்குக் கீழ சுத்துற ரோட்டரை உருவிட்டு ஷாஃப்டைப் பிடிச்சு பக்கவாட்டுல ஆட்டுங்க. லொடலொடன்னு ஆடினா புஷ் தேய்ஞ்சிருச்சு, அதைச் சரி பண்ணாம நீங்க எத்தனை பாயிண்ட் (ஸ்பார்க்குக்காக கரண்டைத் தொட்டுத் தொட்டு விடுற சின்ன ஸ்விட்ச்) மாத்தினாலும் அதோட இடைவெளி நிக்கவே நிக்காது. அப்புறம் வேக்கம் டியூபை கார்புரேட்டர் பக்கம் கழட்டி வாயால உறிஞ்சுங்க, பிளேட் நகரணும், நகரலன்னா டயாஃபிரம் (வேக்கம் அட்வான்ஸ்ல இருக்க சவ்வு) ஓட்டை, இல்ல பிளேட் இறுகிடுச்சு.

பாயிண்ட் மாத்துறப்ப எல்லாரும் மாட்டிக்கிறது அந்தச் சின்ன பிளாஸ்டிக் புஷ்ல. கண்டென்சர் (பாயிண்ட்ல பொறி பறக்கிறதைக் குறைக்கிற பாகம்) ஒயர், காயில்லேர்ந்து (ஸ்பார்க்குக்கு ஹை வோல்டேஜ் உண்டாக்குற சுருள்) வர்ற ஒயர், பாயிண்ட் ஸ்பிரிங் மூணும் ஒண்ணை ஒண்ணு தொடணும், ஆனா நடுக் கம்பியையோ நட்டையோ தொடவே கூடாது. தொட்டுச்சுன்னா ஸ்பார்க்கே வராது. கழட்டும்போதே போன்ல ஒரு போட்டோ எடுத்து வச்சிக்கங்க. பிளக்கையெல்லாம் கழட்டிட்டு டாப் கியர்ல வண்டியைத் தள்ளித் தள்ளி, பாயிண்டோட ஃபைபர் குதிகால் கேம் மேட்டு உச்சியில வர்ற இடத்துல நிறுத்தி, 15 தௌ (அங்குலத்துல ஆயிரத்துல 15 பங்கு) ஃபீலர் தகடு வச்சு செட் பண்ணுங்க, அதாவது 0.38 மில்லிமீட்டர். ஃபீலர்ல எண்ணெய் இருந்தா பாயிண்ட் கருகும், அதனால கடைசில ஒரு சுத்தமான விசிட்டிங் கார்டை நடுவுல விட்டு இழுத்துருங்க. கேம்ல துளியூண்டு கிரீஸ், ரோட்டருக்குக் கீழ தெரியுற ஸ்க்ரூ மேல ரெண்டு சொட்டு ஆயில், அதுக்கு மேல வேணாம்.

பாயிண்ட் இடைவெளி மாறினா டைமிங்கும், அதாவது ஸ்பார்க் வர்ற நேரமும் மாறும். 1ஆம் சிலிண்டர் கம்ப்ரஷன்ல மேல வர்றப்ப, மேனுவல்ல சொன்ன டிகிரிக்கு புல்லி மார்க்கைக் கொண்டு வாங்க. காயில்லேர்ந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போற டெர்மினலுக்கும் எர்த்துக்கும் நடுவுல ஒரு 12 வோல்ட் பல்பைப் போட்டு சாவியை ஆன் பண்ணுங்க. ரோட்டர் கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கம் சுத்துது, அதனால பாடியை முதல்ல அதே எதிர்ப்பக்கம் திருப்பி பல்பை அணைய விட்டு, மெதுவா கடிகாரப் பக்கம் திருப்புங்க, பல்பு எரியுற அந்த நொடில போல்ட்டை டைட் பண்ணுங்க. ஒயர் வரிசையும் அதே எதிர்ப்பக்கமா 1-3-4-2.

பாயிண்டுக்குப் பதிலா எலக்ட்ரானிக் மாட்யூல் போடலாமான்னு கேட்டா, தாராளமா போடலாம், பாயிண்ட், கண்டென்சர் தொல்லை போயிரும். ஆனா கிழிஞ்ச டயாஃபிரத்தையோ வேகத்துக்கு ஏத்தபடி டைமிங்கை முன்தள்ளுற துருப்பிடிச்ச அட்வான்ஸ் வெயிட்டையோ அது சரி பண்ணாது, மேல சொன்னதையெல்லாம் முடிச்சிட்டு போடுங்க. வாங்குறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் பாருங்க. வண்டி பாசிட்டிவ் எர்த்தா நெகட்டிவ் எர்த்தா, காயில் எத்தனை ஓம். மாட்யூலுக்குச் சொன்னதை விட ஓம் கம்மியான காயில்னா கரண்ட் அதிகமா இழுத்து சூட்டுல போயிரும். இன்ஜின் ஓடாம சாவியை ஆன்ல விட்டுட்டு பாட்டு கேக்குற பழக்கம் இருந்தா அதையும் விட்ருங்க, மாட்யூல் புகைஞ்சிரும். கழட்டின பாயிண்டையும் கண்டென்சரையும் தூக்கிப் போடாம டேஷ்போர்டுல போட்டு வைங்க, கூடவே அந்தப் பிளாஸ்டிக் புஷ்ஷும்.