போன் அப்டேட் ஆன பிறகு கண் வலிக்கிறதா? இப்படிச் சரிபாருங்கள்

போன வருடம் என் போனில் ஒரு பெரிய அப்டேட் ஏறியது. மூன்றாம் நாளிலிருந்து சாயங்காலமானால் புருவத்துக்கு மேலே ஒரே வலி. கண்ணாடிப் பவர் கூடிவிட்டதோ என்று பயந்து கண் மருத்துவரிடம் போனேன். பவர் அப்படியேதான் இருந்தது. மாறியிருந்தது போனின் செட்டிங்ஸ். அப்போது ஒவ்வொன்றாகத் தேடிக் கண்டுபிடித்ததை இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

அப்டேட் போடும் முன்: செட்டிங்ஸில் டிஸ்ப்ளே, அக்சஸிபிலிட்டி (பார்க்க, கேட்க, தொட வசதியாக மாற்றிக்கொள்ளும் பகுதி) இரண்டு பக்கங்களையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பழைய பதிப்புக்குத் திரும்புவது பெரும்பாலும் நடக்காத காரியம்; நடந்தாலும் போனில் உள்ளதெல்லாம் அழிந்துபோகும். அதனால் இந்த இரண்டு நிமிட வேலையைத் தவறவிடாதீர்கள்.

போட்ட பிறகு: அந்தப் படங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆட்டோ பிரைட்னஸ், எழுத்தின் அளவு, நைட் லைட் நேரம் மூன்றும் முன்பு இருந்தபடியே இருக்கின்றனவா? எழுத்து ஒரு படி சிறியதாகியிருந்தால்கூட, நமக்கே தெரியாமல் போனை முகத்துக்கு அருகே கொண்டுவந்துவிடுவோம்.

அடுத்து, திரையின் துடிப்பு. பலர் கவனிக்காத இடம் இதுதான். ஓஎல்இடி திரைகள் (ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் வகை) பெரும்பாலும் வெளிச்சத்தைக் குறைப்பதற்காக வேகமாக அணைந்து அணைந்து எரிகின்றன. ஐஃபோன் 15, 16 போன்ற மாடல்களில் இது நொடிக்குச் சுமார் 480 தடவை. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் சிலருக்குத் தலைவலியும் கண் சோர்வும் வரும். எந்த வெளிச்சத்தில் எப்படித் துடிக்க வேண்டும் என்பதில் மென்பொருளுக்கும் பங்கு உண்டு.

சோதிப்பது சுலபம். அறையை இருட்டாக்கி, பிரைட்னஸைக் குறைத்து, ஒரு வெள்ளைப் பக்கத்தைத் திறந்து வையுங்கள். இன்னொரு போனின் கேமராவில் ப்ரோ மோட் (அளவுகளை நாமே மாற்றும் முறை) போய், ஷட்டர் வேகத்தை 1/2000 நொடியில் வைத்து அந்தத் திரையைப் பாருங்கள். கறுப்புப் பட்டைகள் ஓடினால் அதுதான் துடிப்பு. பிரைட்னஸை ஏற்றிப் பாருங்கள். பல போன்களில் பட்டை மெலியும்.

அப்படியானால் தீர்வும் அதிலேயே இருக்கிறது. பிரைட்னஸைப் பாதிக்கு மேல் வைத்துவிட்டு, வெளிச்சத்தை வேறு வழியில் குறையுங்கள். ஆண்ட்ராய்டு 12 முதல் ‘எக்ஸ்ட்ரா டிம்’ இருக்கிறது. ஐஃபோனில் அக்சஸிபிலிட்டிக்குள் ‘ரெட்யூஸ் ஒயிட் பாயிண்ட்’ இருக்கிறது. ஐஃபோன் 17 வரிசையில் துடிப்பைத் தணிப்பதற்கென்றே ‘டிஸ்ப்ளே பல்ஸ் ஸ்மூத்திங்’ என்ற தனி வசதி வந்திருக்கிறது. எனக்குப் பெரிய நிம்மதி தந்தது இந்தப் படிதான்.

அப்புறம் அசைவுகள். 2025இல் வந்த ஐஃபோன் மென்பொருளான ஐஓஎஸ் 26, மெனுக்களைக் கண்ணாடி போல ஊடுருவித் தெரியவைத்தது. அது கண்ணை உறுத்தினால் ‘ரெட்யூஸ் டிரான்ஸ்பரன்ஸி’, ‘ரெட்யூஸ் மோஷன்’ இரண்டையும் இயக்குங்கள். ஆண்ட்ராய்டில் ‘ரிமூவ் அனிமேஷன்ஸ்’ என்று இருக்கும்.

டார்க் மோட் எல்லாருக்கும் ஒத்துவராது. ஆஸ்டிக்மாட்டிசம் (கண்ணின் வளைவு சீராக இல்லாததால் வரும் பார்வைக் குறை) உள்ளவர்களுக்குக் கறுப்பில் வெள்ளை எழுத்து கசிந்து தெரியலாம். அவர்களுக்கு லைட் மோடே நல்லது.

ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றாதீர்கள். ஒன்றை மாற்றி இரண்டு மூன்று நாள் பாருங்கள், அப்போதுதான் எது உதவியது என்று தெரியும். இடையில் இமைக்க மறக்காதீர்கள்: சாதாரணமாக நிமிடத்துக்குச் சுமார் 15 தடவை இமைக்கும் நாம், திரை முன்னால் அதில் பாதிகூட இமைப்பதில்லை. இரட்டையாகத் தெரிந்தாலோ, கண் சிவந்து வலித்தாலோ செட்டிங்ஸில் தேடிக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவரிடம் போங்கள்.