நிலநடுக்கவியல் பேராசிரியர் ஆவது எப்படி: பி.எஸ்சி. முதல் சொந்த ஆய்வுக்குழு வரை

நிலநடுக்கத்தை ஆராய வேண்டும் என்ற ஆசையில் பலர் நேரே நிலவியல் பட்டப்படிப்பில் சேர்ந்துவிடுகிறார்கள். பாறையும் பிளவும் தெரிந்திருப்பது நல்லதுதான். ஆனால் நிலநடுக்கவியலாளரின் அன்றாட வேலை அலைச் சமன்பாடு, ஃபூரியே மாற்றம், அணிக் கணிதம், லீஸ்ட் ஸ்கொயர்ஸ், இவற்றைக் கணினியில் ஓட்டும் நிரல். அதனால் பி.எஸ்சி. இயற்பியல், துணைப்பாடம் கணிதம் என்பதே அகலமான வாசல். நிலவியல் படித்தவர்கள் வரவே முடியாது என்றில்லை; கணிதத்தைத் தனியாக உட்கார்ந்து படித்தாக வேண்டும். இயற்பியல் மாணவர் நிலவியலைக் களத்தில் போகப்போகக் கற்றுக்கொள்வார். எதிர்த்திசையில் நடப்பது குறைவு. பைத்தான், லினக்ஸ் இரண்டையும் முதுகலை வரை தள்ளிப்போடாதீர்கள்.

ஐ.ஐ.டி.களில் புவி இயற்பியல் முதுகலையில் சேர ஜாம் தேர்வு எழுத வேண்டும். எந்த நிறுவனம் இயற்பியல் தாளை ஏற்கிறது, எது நிலவியல் தாளைக் கேட்கிறது என்பதை அந்த ஆண்டின் தகவல் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். ஐ.ஐ.டி. மட்டுமே கதி என்று இருக்க வேண்டாம். விசாகப்பட்டினத்து ஆந்திரப் பல்கலைக்கழகம், ஹைதராபாத் உஸ்மானியா, பனாரஸ், குருக்ஷேத்திரா ஆகியவற்றில் புவி இயற்பியலுக்கென்றே நெடுங்காலத் துறைகள் உண்டு. முனைவர் பட்டத்துக்கு கேட் தேர்வின் நிலவியல்-புவி இயற்பியல் தாள் ஒரு வழி, சி.எஸ்.ஐ.ஆர். நடத்தும் நெட் தேர்வின் புவி அறிவியல் தாள் இன்னொன்று. நெட்டில் ஜே.ஆர்.எஃப். என்னும் இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000, வீட்டு வாடகைப்படி தனி. சம்பளத்தோடு வரும் மாணவரை எந்த வழிகாட்டியும் எளிதில் சேர்த்துக்கொள்வார். பலர் சறுக்குவதும் இங்கேதான்: யார் முதலில் சரி என்றாரோ அவரிடமே போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள்.

வழிகாட்டியை அல்ல, தரவைப் பாருங்கள்

நிலநடுக்கவியலில் ஐந்தாண்டு ஆய்வை ஆக்குவதும் கெடுப்பதும் அலைப்பதிவுத் தரவு. இந்தியாவின் தேசிய வலையமைப்பை டெல்லியிலுள்ள தேசிய நிலநடுக்கவியல் மையம் நடத்துகிறது. அதன் மூலப் பதிவுகளை நினைத்த மாத்திரத்தில் இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ள முடியாது; விண்ணப்பித்துப் பெற வேண்டும். எனவே ஆய்வுக்குழுவின் சொந்த நிலையங்களோ, கூட்டு ஒப்பந்தமோ, வெளிநாட்டுத் திறந்த காப்பகமோ, ஏதாவது ஒரு ஊற்று உறுதியாக இருக்க வேண்டும். ஹைதராபாத் தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனம் (என்.ஜி.ஆர்.ஐ.), டேராடூன் வாடியா நிறுவனம், காந்திநகரிலுள்ள குஜராத் அரசின் நிலநடுக்க ஆய்வு நிறுவனம் ஆகியவை சொந்த வலையமைப்பு வைத்திருப்பவை. பெரிய பெயர் இருந்தும் பதிவு இல்லாத துறையைவிட, பத்து நிலையத்தை ஒழுங்காக ஓட்டும் சின்னக் குழு மேல்.

சேருமுன் நேரடியாகக் கேளுங்கள்: இப்போது எத்தனை நிலையங்கள் ஓடுகின்றன? கடந்த ஆண்டு எத்தனை நாள் பதிவு விடுபட்டது? கட்டுரையில் அந்தத் தரவைப் பயன்படுத்த யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்? அங்கே மூன்றாம் ஆண்டு படிக்கும் மாணவரிடம் தனியாக இன்னொரு கேள்வி: சேர்ந்த நாளிலிருந்து முதல் அலைப்பதிவைத் திரையில் பார்க்க எவ்வளவு காலம் ஆயிற்று? ஓராண்டு என்று பதில் வந்தால் வேறு இடம் தேடுங்கள்.

தலைப்பும் தரவின் இயல்பை ஒட்டியே அமைய வேண்டும். தமிழ்நாடு உட்பட்ட தென் தீபகற்பத்தில் நிலநடுக்கம் குறைவு. அங்கே மூல இயக்கத்தை, அதாவது நடுக்கம் தோன்றிய இடத்தில் பிளவு எப்படி நழுவியது என்பதை, ஆராய்கிறேன் என்று இறங்கினால், நடுக்கத்துக்காகக் காத்திருந்தே உதவித்தொகைக் காலம் முடிந்துவிடும். அதே இடத்தில் புவியோட்டின் தடிமன், அமைப்பு என்று எடுத்தால் 30 முதல் 90 பாகை தொலைவில் (புவி மையத்திலிருந்து அளக்கும் கோணம்) நடக்கும் பெரிய நடுக்கங்களே போதும். நிலையத்துக்கு அடியிலுள்ள அடுக்குகள் தொலைதூர நடுக்கத்தின் அலையை மாற்றுவதைப் பிரித்தெடுக்கும் ரிசீவர் ஃபங்ஷன் முறையில் ஒரு நிலையத்துக்கு ஓரிரு ஆண்டுப் பதிவு இருந்தால் வேலை நடக்கும். தரையின் ஓயாத சிற்றதிர்வையே பயன்படுத்தும், நடுக்கமே தேவைப்படாத பின்னணி இரைச்சல் முறையும் இருக்கிறது. மாறாக, 1967 டிசம்பர் 10 அன்று பெரிய நடுக்கம் கண்ட கொய்னா அணைப் பகுதியில் சிறு நடுக்கங்கள் இன்னும் ஓயவில்லை. மூல இயக்கம், நீர்த்தேக்கத்தின் தூண்டல் போன்ற கேள்விகளுக்கு அதுதான் இடம். 1993-இல் லாத்தூரைக் கண்டு, 2001-இல் புஜ்ஜைக் கண்டு பலர் துறைக்கு வந்தார்கள். ஆனால் பெரிய நடுக்கம் வரும்போது தலைப்பு கிடைக்கும் என்று யாரும் திட்டம் போட முடியாது.

முதல் ஆறு மாதம்: கையைப் பழக்குதல்

நிறுவனத் தரவு வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். இலங்கையின் பல்லேகல நிலையமும் பிரான்சின் ஜியோஸ்கோப் வலையமைப்பைச் சேர்ந்த ஹைதராபாத் நிலையமும் உலகத் திறந்த காப்பகத்தில் இருக்கின்றன. 2004 டிசம்பர் 26 சுமத்ரா நடுக்கத்தின் பல்லேகல பதிவை ஆப்ஸ்பை என்ற பைத்தான் நிரல் தொகுப்பால் இறக்குங்கள். நடுக்கம் தொடங்கியது இந்திய நேரம் காலை 6.28-க்கு, பதிவுகளோ உலகப் பொது நேரத்தில் இருக்கும். ஐந்தரை மணியைக் கழிக்க மறந்து, வெற்றுக் கோட்டைப் பார்த்துக் குழம்பாத புதியவர் குறைவு. நிலையம் ஏறக்குறைய 16 பாகைத் தொலைவு; முதலில் வந்துசேரும் பி அலை நான்கு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவான நேரத்தில் வந்துவிடும். அப்படி வரவில்லையென்றால் எங்கோ தப்பு. தொடர்ந்து வந்த மேற்பரப்பு அலையில் இலங்கைத் தரை மேலும் கீழுமாக 9 செ.மீ.க்கு மேல் ஏறி இறங்கியது. கருவியின் எண்களை மீட்டராக மாற்றி அந்த அளவை நீங்களே எட்டிப் பாருங்கள். நல்ல பரீட்சை அது.

பின்னால் வரும் எஸ் அலைக்கும் பி அலைக்கும் இடையிலுள்ள வினாடிகளை எட்டால் பெருக்கினால் கிலோமீட்டர் என்ற வாய்ப்பாடு அருகில் நடக்கும் நடுக்கத்துக்கு மட்டும் செல்லும். பி வேகம் நொடிக்கு 6 கி.மீ., எஸ் வேகம் 3.5 என்று வைத்தால் வரும் கணக்கு அது. சில நூறு கிலோமீட்டரைத் தாண்டினால் அலை புவியோட்டுக்குக் கீழுள்ள மேன்டிலுக்குள் இறங்கி ஓடும். அப்போது பயண நேர அட்டவணைதான் துணை.

அலை வந்த நேரத்தைக் குறிப்பதில் ஒரு பொறி இருக்கிறது. இரைச்சலைக் குறைக்க வடிகட்டுவோம். முன்னும் பின்னுமாக இருமுறை ஓடும் ஸீரோ-ஃபேஸ் வடிகட்டி பார்வைக்கு அழகாக இருக்கும். ஆனால் அது அலையின் ஆற்றலில் கொஞ்சத்தை உண்மையான தொடக்கத்துக்கு முன்னால் கசியவிடும். கூர்மையான முதல் எழுச்சி இருந்த இடத்தில் மெல்லிய ஒரு நெளிவு முளைத்திருக்கும். அதைத்தான் புதியவர் பி அலை என்று குறிப்பார். 0.2 நொடி முன்னதாகக் குறித்தால் தொலைவில் 1.2 கி.மீ. பிசகு. நேரம் குறிக்க வடிகட்டாத பதிவையோ ஒரு திசையில் மட்டும் ஓடும் வடிகட்டியையோ பயன்படுத்துங்கள். பிந்தையதும் அலையைச் சற்றுத் தாமதிக்கும் என்பது நினைவிருக்கட்டும். ஃபேஸ்நெட் போன்ற இயந்திரக் கற்றல் கருவிகள் ஆயிரக்கணக்கில் குறித்துத் தரும். கையால் சில நூறு பதிவுகளைக் குறித்துப் பழகாதவருக்கு அது எங்கே ஏமாற்றுகிறது என்று தெரியாது.

உண்மையான தரை அசைவைப் பெறப் பதிவிலிருந்து கருவியின் தன்மையை நீக்கும்போது தாழ் அதிர்வெண் எல்லையைக் கொடுக்காமல் விட்டால், நீண்ட கால அலைவின் இரைச்சல் வீங்கிப் பதிவையே விழுங்கும். களத்தில் யாரோ கருவியின் சமிக்ஞைப் பெருக்கத்தைப் பத்து மடங்கு மாற்றிவிட்டுக் குறிப்பேட்டில் எழுதாமல் போனால் நடுக்கத்தின் அளவு முழுதாக ஒன்று பிசகும். ஜி.பி.எஸ். நேரம் உலகப் பொது நேரத்தைவிட 18 நொடி முந்தி ஓடுகிறது. அந்தத் திருத்தம் ஏறாத கருவியில் எல்லா நேரமும் சரியாக 18 நொடி தள்ளி நிற்கும்.

நிலையம் அமைத்தல்

கணினியிலேயே முனைவர் பட்டம் வாங்கிவிடலாம். ஆனால் நிலையம் அமைக்கத் தெரிந்தவருக்குப் பணித் தேர்வில் தனி மதிப்பு. சாலை, மரம், மின்கம்பம், மோட்டார் பம்பு இவற்றிலிருந்து விலகிய கெட்டிப் பாறைதான் இடம். காற்றில் மரம் ஆடினால் வேர் வழியே தரையும் ஆடும். தளக் கான்கிரீட்டில் இரும்புக் கம்பி போடாதீர்கள். உணரியை வடக்கு பார்த்து வைக்க வேண்டும். இந்தியாவில் காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள வேறுபாடு சிறிதுதான். கம்பியும், கருவிக்குள்ளே இருக்கும் காந்தமும் திசைகாட்டியை அதைவிட அதிகமாக இழுத்துவிடும். எனவே கருவியைக் குழியில் இறக்குவதற்கு முன்பே வடக்குக் கோட்டைத் தரையில் கீறிவிடுங்கள். குமிழி நடுவில் வந்ததும் உள்ளிருக்கும் எடைகளின் பூட்டைத் திறக்க வேண்டும். மறந்தால் மூன்று மாதம் கழித்துத் தட்டையான கோடு மட்டும் கையில் கிடைக்கும். கிளம்புமுன் பக்கத்தில் ஒருவரைக் குதிக்கச் சொல்லித் திரையில் பாருங்கள்.

உணரியும் பதிவுக் கருவியும் சேர்ந்து 3 வாட் எடுத்தால் நாளுக்கு 12 வோல்ட் மின்கலத்தில் 6 ஆம்பியர்-மணி போகும். 100 ஆம்பியர்-மணி ஈயமிலக் கலத்தில் பாதியைத்தான் எடுக்கலாம். வெயிலே இல்லாவிட்டால் எட்டு நாள் தாங்கும். பருவமழையைக் கணக்கில் வைத்தே சூரியப் பலகையின் அளவைத் தீர்மானியுங்கள். பலகையும் மின்கலமும் களவு போவது சகஜம். பள்ளி வளாகமோ பஞ்சாயத்துக் கட்டடமோ கொஞ்சம் இரைச்சலாக இருந்தாலும், ஆள் நடமாட்டம் உள்ள இடமாகப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

கட்டுரை, போஸ்ட்டாக், வேலை

ஒரு பகுதியின் நடுக்கப் பட்டியலைத் தொகுத்து வரைபடம் போட்டு அனுப்பும் கட்டுரை நல்ல இதழில் தேறாது. நடுவர் முதலில் கேட்பது பிழை அளவைத்தான். ஆழம் 10 கி.மீ. என்று எழுதினால், பக்கத்து நிலையமே 60 கி.மீ. தள்ளி இருக்கையில் அந்த ஆழம் எப்படித் தெரிந்தது என்பார். 10 என்பது பல நிரல்கள் ஆழம் தெரியாதபோது தாமாக வைக்கும் எண் என்பது அவருக்குத் தெரியும். வெளியீட்டுக் கட்டணம் தடையாக இருந்தால், 2022-இல் தொடங்கிய சைஸ்மிகா இதழ் எழுதுபவருக்கும் படிப்பவருக்கும் இலவசம்.

முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுப் பணியான போஸ்ட்டாக்கில் வயதுக் கடிகாரம் வேகமாக ஓடும். மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் (டி.எஸ்.டி.) இன்ஸ்பயர் ஃபேகல்டி உதவித்தொகைக்குப் பொதுப்பிரிவில் உச்ச வயது 32; ஐந்தாண்டு, ஆய்வு மானியத்தோடு வருவதால் போட்டி கடுமை. தேசிய போஸ்ட்டாக் உதவித்தொகை இரண்டாண்டு. அதை முன்பு எஸ்.இ.ஆர்.பி. என்ற மத்திய அரசின் ஆய்வு நிதி வாரியம் தந்தது, இப்போது அதன் இடத்துக்கு வந்த ஏ.என்.ஆர்.எஃப். தருகிறது. ஐ.ஐ.டி.யில் முதல் நிலை உதவிப் பேராசிரியர் பதவிக்கு முனைவர் பட்டத்துக்குப் பின் மூன்றாண்டு அனுபவம் கேட்பார்கள். அடிப்படைச் சம்பளம் 1,01,500-இல் தொடங்கும். மாநிலப் பல்கலைக்கழகம் என்றால் யு.ஜி.சி. விதிப்படி 57,700. அங்கே நெட் அல்லது மாநில அளவிலான செட் தேர்ச்சி கைகொடுக்கும் என்பதால் முதுகலையிலேயே முடித்துவைப்பது நல்லது. போஸ்ட்டாக்குக்குப் பழைய வழிகாட்டியின் நண்பரிடமே போய் அதே முறையைத் தொடராதீர்கள். கட்டமைப்பு ஆய்வு செய்தவர் மூல இயக்கத்தையோ ஜி.பி.எஸ். புவியளவையையோ கற்று வந்தால், இவருக்கென்று ஒரு குழு அமையும் என்று தேர்வுக்குழு நம்பும்.

பதவியேற்றதும் முதல் மானிய விண்ணப்பத்தில் இருபது கருவி கேட்காதீர்கள். மெதுவான அசைவையும் வேகமான அசைவையும் பதியும் அகலப்பட்டை உணரிகள் பெரும்பாலும் இறக்குமதி. கொள்முதலும் சுங்கமும் முடியவே நீண்ட காலம் பிடிக்கும். நான்கைந்து நிலையம், அவற்றுக்கு உதிரி ஒன்று, பராமரிப்புப் பயணச் செலவு என்று கேட்பது நடக்கிற காரியம். நொடிக்கு 100 மாதிரி வேகத்தில் மூன்று தடம் (மேல்-கீழ், வடக்கு-தெற்கு, கிழக்கு-மேற்கு) பதிந்தால், சுருக்காத நிலையில் நிலையத்துக்கு நாளொன்றுக்கு 104 எம்.பி. வரும், சேமிப்புக்கும் அதன் நகலுக்கும் பணம் ஒதுக்குங்கள். ஆய்வு மாணவர் பட்டம் வாங்கிக் கிளம்புமுன் ஒவ்வொரு நிலையத்தின் வரிசை எண், பெருக்கம், திசை, மாற்றிய தேதிகள் அடங்கிய கோப்பை வாங்கி, அதை வைத்து ஒரு நடுக்கத்தின் அளவை அடுத்த மாணவர் தனியாகக் கணக்கிட்டுப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.