தில்லியில் வீடு காலி செய்கிறீர்களா? கபாடிவாலாவைக் கடைசியில் கூப்பிடுங்கள்

ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸோ மயூர் விஹார் ஃபிளாட்டோ, மாற்றலாகி ஊருக்குக் கிளம்புகிற நம்மவர்கள் பலர் கடைசி நாளில் கபாடிவாலாவை, அதாவது பழைய சாமான்களை எடைக்கு வாங்குகிறவரைக் கூப்பிட்டு நல்லது கெட்டது எல்லாவற்றையும் சேர்த்து எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். அதைத் தலைகீழாகச் செய்யுங்கள். கொடுக்க வேண்டியதைக் கொடுத்து முடித்த பிறகுதான் கபாடி.

படி 1: துணி

துவைத்துக் காயவைத்து, பெரியவர்களுடையது, குழந்தைகளுடையது, கம்பளி என்று தனித்தனியாகக் கட்டுங்கள். 1999-ல் தில்லியில் தொடங்கிய கூஞ்ச் அமைப்பு பழைய துணிகளைக் கிராமங்களுக்கு அனுப்புகிறது. பருத்தித் துணியில் மாதவிடாய் நாப்கினும் தைக்கிறார்கள், அதனால் சாயம் போன காட்டன் புடவை என்று தூக்கி எறிய வேண்டாம், சுத்தமாக இருந்தால் போதும். ஸ்வெட்டர், ரஜாய் (பஞ்சு வைத்த கனத்த போர்வை) எல்லாம் நவம்பருக்குள் போய்விட வேண்டும். குளிர் முடிந்து மார்ச்சில் கொடுத்து யாருக்கு என்ன பயன்? வீட்டு வேலைக்கு வருகிற அம்மாவுக்குத் தருவதாக இருந்தால், வேண்டுமா என்று முதலில் கேளுங்கள். கிழிந்ததை அவர் தலையில் கட்டாதீர்கள்.

படி 2: தமிழ்ப் புத்தகங்கள்

கபாடிக்கு இதுவும் ரத்திதான், அதாவது பழைய பேப்பர்தான், செய்தித்தாள் விலைதான் போடுவார். ஆர்.கே.புரம் செக்டார் 5-ல் இருக்கிற தில்லித் தமிழ்ச் சங்கத்தில் நூலகம் உண்டு. என்னென்ன இருக்கிறது என்று போனில் சொல்லி, எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டுவிட்டு மூட்டையைத் தூக்குங்கள்.

படி 3: போன், சார்ஜர், லேப்டாப்

சிம், மெமரி கார்டை எடுத்துவிட்டு, கூகுள் கணக்கிலிருந்து வெளியேறிய பிறகு ரீசெட் செய்யுங்கள். வெளியேறாமல் செய்தால் அடுத்தவர் திறக்கும்போது உங்கள் பாஸ்வேர்டு கேட்கும். பேட்டரி உப்பியிருந்தால் குத்தவோ அழுத்தவோ கூடாது, தீப்பிடிக்கும். இவற்றைத் தள்ளுவண்டியில் போட்டுவிட்டால் தில்லியின் சீலம்பூர் மாதிரி இடங்களில் வெறும் கையால் பிரித்து, போர்டுகளை அமிலத்தில் போட்டு உலோகம் எடுக்கிறார்கள். அந்தப் புகையைச் சுவாசிப்பது அங்கே வேலை செய்கிறவர்கள். 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கும் மின்கழிவு விதிகள் இதற்கான பொறுப்பைத் தயாரிப்பாளர்கள் மேல்தான் வைக்கின்றன. எனவே அந்த பிராண்டின் கஸ்டமர் கேரில் கேளுங்கள், அல்லது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பட்டியலில் உள்ள மறுசுழற்சியாளரிடம் கொடுங்கள்.

படி 4: இப்போது கபாடி

முதலில் பிரிப்பு. செய்தித்தாள், அட்டைப்பெட்டி, பிளாஸ்டிக், உலோகம் நான்கும் நான்கு விலை, கலந்து வைத்தால் எல்லாவற்றுக்கும் குறைந்த விலைதான் கிடைக்கும். ஃபிரிட்ஜ் கதவில் இருக்கிற காந்தப் பொம்மையை எடுத்து ஒவ்வொரு பாத்திரத்திலும் வைத்துப் பாருங்கள். ஒட்டாதது அலுமினியம், பித்தளை, செம்பு, இல்லை நல்ல எவர்சில்வர். எல்லாமே இரும்பைவிட விலை கூடுதல். பழைய அலுமினியக் குக்கரில் கைப்பிடி, கேஸ்கெட்டைக் கழற்றிவிட்டுத் தனியாக வையுங்கள், இரும்புக் குவியலில் விழுந்தால் நஷ்டம் உங்களுக்குத்தான். மின்வயரைச் செம்புக்காக எரிக்கும் யோசனை மட்டும் வேண்டவே வேண்டாம், அப்படியே எடைக்குப் போடுங்கள்.

அப்புறம், பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசில் ஒவ்வொரு கட்டையும் நீங்களே நிறுத்து, அட்டையில் எழுதிச் செருகிவிடுங்கள். கபாடிவாலா வந்தவுடன் "பையா, அக்பார் கா கியா ரேட்?" (அண்ணா, செய்தித்தாள் என்ன விலை?) என்று விலையைக் கேட்டு முடித்த பிறகுதான் மூட்டையை வெளியே கொண்டுவர வேண்டும். அதற்காக ஐந்து ரூபாய்க்கு அரை மணி நேரம் மல்லுக்கட்டாதீர்கள். அவர் நாலு மாடி ஏறி வந்திருப்பார்.