தமிழ் 99-க்குக் கை மாறுவது எப்படி

தினமும் தமிழில் பக்கம் பக்கமாக அடிப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். வாட்சப்பில் நாலு வரி அனுப்புகிறவருக்கு ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்கிக்கொள்ளும் முறையே போதும், அவர் மாற வேண்டியதில்லை. ஆனால் கடிதம், மொழிபெயர்ப்பு, செய்தி, பாடக்குறிப்பு என்று தமிழே வேலையாக இருப்பவர், தலைக்குள் தமிழில் யோசித்து, அதை ஆங்கில எழுத்தாக்கி, திரும்பத் தமிழாக வாங்குகிற சுற்றுவழியை வருடக்கணக்கில் நடப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. நானும் ஆறு வருடம் அப்படி நடந்தேன்.

தமிழ் 99 என்பது 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு தரப்படுத்திய விசைப்பலகை. உயிர் எல்லாம் இடது கைக்கு, மெய் அநேகமாக எல்லாம் வலது கைக்கு. தமிழில் மெய்யும் உயிரும் மாறி மாறி வருவதால் கைகளும் மாறி மாறி வேலை செய்யும், ஒரே கை தொடர்ந்து ஓடிக் களைப்பது குறைவு.

முதலில் கணினியில் சேர்த்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 11 என்றால் அமைப்புகளில் மொழிப் பகுதிக்குப் போய்த் தமிழைச் சேர்த்து, அதற்குள் விசைப்பலகைப் பட்டியலில் தமிழ் 99-ஐத் தேர்ந்தெடுத்தால் போதும், தனியாக எதையும் இறக்க வேண்டாம். விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ் பாரை அழுத்தினால் ஆங்கிலமும் தமிழும் மாறும். மேக்கிலும் உள்ளேயே இருக்கிறது. ஆண்ட்ராய்டு போனுக்குச் செல்லினம் என்ற செயலி இருக்கிறது.

இப்போது விரல்களை நடு வரிசையில் வையுங்கள். எஃப் விசையிலும் ஜே விசையிலும் ஒரு சின்ன மேடு தட்டுப்படும். இடது ஆள்காட்டி விரலுக்குக் கீழே இருக்கும் அந்த எஃப்தான் புள்ளி. தமிழில் அடிக்கொரு தரம் தேவைப்படும் புள்ளி, பார்க்காமலே தொடக்கூடிய இடத்தில் இருப்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சந்தோஷமாக இருக்கும். சொல்லின் தொடக்கத்தில் அதையே தட்டினால் ஆய்த எழுத்து. அதன் இடப்பக்கம் அ, இ, உ, வலப்பக்கம் எ. நெடில்களைத் தேட வேண்டாம், ஆ, ஈ, ஊ, ஏ நாலும் அந்தந்தக் குறிலுக்கு மேல் விசையிலேயே இருக்கின்றன. வலது கையில் க, ப, ம, த, ந, ய வரிசையாக வரும்.

வேகம் எங்கிருந்து வருகிறது என்றால், புள்ளி பெரும்பாலும் தானாகவே விழுந்துவிடும். ஒரே மெய்யை இரண்டு தடவை தட்டினால் முதலாவது புள்ளி பெறும், அதனால் அம்மா என்பதற்கு அ, ம, ம, ஆ என்று நாலே தட்டு. ந-வுக்குப் பின் த, ம-வுக்குப் பின் ப, ண-வுக்குப் பின் ட, ன-வுக்குப் பின் ற, ங-வுக்குப் பின் க, ஞ-வுக்குப் பின் ச வந்தாலும் இதேதான். தந்தை என்பதற்கும் த, ந, த, ஐ என்று நாலுதான், ஆங்கில எழுத்து வழியில் எட்டு எழுத்து அடித்துக்கொண்டிருந்தேன். இனமெல்லின உறவு என்று பள்ளியில் படித்தது விரலில் வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கும்.

புள்ளி வேண்டாத இடமும் உண்டு. பப்பாளி அடிக்க ப, ப, ப என்று தட்டினால் முதல் ப-விலேயே புள்ளி விழும். முதல் ப-வை அடித்து, அ-வை ஒரு தட்டுத் தட்டிவிட்டு மற்றதை அடியுங்கள். இது தெரியாமல் நான் இரண்டு நாள் திணறினேன்.

விசைகளில் ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள், இதில் நான் பிடிவாதம். ஒட்டினால் கண் கீழேயே போய்க்கொண்டிருக்கும், கை கற்றுக்கொள்ளவே கற்றுக்கொள்ளாது. விசை வரைபடத்தை ஒரு தாளில் அச்சிட்டுத் திரைக்குக் கீழே ஒட்டிக்கொள்ளுங்கள். முதல் மூன்று நாள் நடு வரிசையில் மட்டும் கிடைக்கிற சொற்களை அடியுங்கள்: இந்த, பந்து, தம்பி, பயம், அப்பம், கதகதப்பு. அப்புறம் மேல் வரிசை, கடைசியாகக் கீழ் வரிசை. ழ வலது ஓரத்தில், சாய்வுக்கோட்டு விசையில் இருக்கிறது, சுண்டு விரல் கொஞ்சம் இறங்கிப் போக வேண்டும். ஜ, ஷ, ஸ, ஹ நாலுக்கும் ஷிஃப்ட் தேவை, அதை இரண்டாவது வாரம் பார்த்துக்கொள்ளலாம்.

காலையில் இருபது நிமிடம், ராத்திரி இருபது நிமிடம் போதும். அவசர வேலை கையில் இருக்கும் வாரத்தில் மட்டும் ஆரம்பிக்காதீர்கள். எனக்கு முதல் வாரம் ஒரு பத்தி அடிக்க அரை மணி நேரம் ஆனது, கோபத்தில் பழைய முறைக்குத் திரும்பிவிட்டு மறுநாள் முதலிலிருந்து தொடங்கினேன். பழகும் முதல் இரண்டு வாரம் பழைய விசைப்பலகையைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுவது நல்லது, இருந்தால் கை அங்கேதான் ஓடும்.

பேசி எழுத வைப்பதைப் பற்றிக் கேட்பீர்கள். நடந்துகொண்டே முதல் வரைவு சொல்ல நானும் அதைத்தான் வைத்துக்கொள்கிறேன். ஆனால் ஊர்ப்பெயர், ஒற்று, ல-ள-ழ என்று திருத்த உட்காரும்போது கைதான் வேண்டும். திருத்தம்தான் என் வேலையில் பாதி நேரம், அங்கே ண, ன, ந மூன்றுக்கும் தனித்தனி விசை இருப்பது எவ்வளவு நிம்மதி என்பதை முதல் மாதச் சம்பளத்துக்குள் உணர்ந்துவிடுவீர்கள்.