ஆயாவுக்கு ஸ்கிராப்புக் செய்யறப்போ பண்ணக்கூடாத தப்புங்க

எங்க ஆயா, அதாவது பாட்டி, பர்மாவுல ரங்கூன்ல பொறந்தவங்க. 1965ல, இருபத்தாறு வயசுல, கைக்குழந்தையோட கப்பல்ல மெட்ராஸ் வந்து எறங்கி, தாத்தாவோட சொந்த ஊருன்னு குடியாத்தம் வந்து சேந்தாங்க. 2021ல தவறிட்டாங்க. அவங்க பொட்டிக்கு அடியில ஒரு நூறு க்யாட் நோட்டு (க்யாட்னா பர்மா காசு) இருந்துச்சு. 1964 மே மாசம் அங்க நே வின்னோட ராணுவ அரசாங்கம் அம்பது, நூறு க்யாட் நோட்டெல்லாம் செல்லாதுன்னு சொன்னப்போ மாத்த முடியாம கையில நின்னுபோன நோட்டு. அத அம்பத்தேழு வருஷம் மடிப்பு கலையாம வெச்சிருந்தாங்க, நான் ஆயா ஞாபகமா ஸ்கிராப்புக் (ஃபோட்டோ, லெட்டர், துணி எல்லாம் சேத்து வெக்கற புக்கு) செய்யறேன்னு ஃபெவிகால் தடவி சார்ட் பேப்பர்ல ஒட்டிட்டேன். காஞ்சதும் அலை அலையா தூக்கிக்கிச்சு, பின்பக்கம் இனிமே யாரும் பாக்க முடியாது. இத நெனச்சா இன்னும் வயிறு எரியுது, அதனாலதான் எழுதறேன்.

மொதல் தப்பு அதுதான், ஒரிஜினல ஒட்டறது. ஃபோட்டோ, லெட்டர், பாஸ்போர்ட், ரேஷன் கார்டு எதுவா இருந்தாலும் 600 டிபிஐல ஸ்கேன் பண்ணி, காப்பிய ஒட்டுங்க, ஒரிஜினல் தனி கவர்ல இருக்கட்டும். காப்பிகூட லேசர் பிரிண்டா எடுங்க, இங்க்ஜெட்ல எடுத்தா பசை ஈரம் பட்டதும் கலர் ஊறிடும். ஒரிஜினல்தான் வேணும்னு மனசு கேக்கலன்னா நாலு மூலையிலயும் ஃபோட்டோ கார்னர் வெச்சு சொருகுங்க, எப்ப வேணா எடுத்துக்கலாம். செலோ டேப் வேணவே வேணாம், கொஞ்ச வருஷத்துல பழுப்பாகி கறை பேப்பருக்குள்ளயே எறங்கிடும்.

இதவிட மோசம் லேமினேஷன். நம்ம ஊர்ல பழைய பேப்பர் கையில கெடச்சா ஒடனே ஜெராக்ஸ் கடைக்கு எடுத்துனு போய் லேமினேட் பண்ணிடறாங்க, பாதுகாப்புன்னு நெனச்சுத்தான் பண்றாங்க. ஆனா அந்த சூட்டுல பிளாஸ்டிக் பேப்பரோட ஒட்டிக்கினு திரும்ப பிரிக்கவே முடியாது. எங்க மாமா ஆயாவோட பர்மா சர்டிபிகேட்ட அப்படித்தான் பண்ணிட்டாரு, இப்ப அந்த சீல் இருந்த எடம் வெறும் ஊதா கறையா தெரியுது.

எம்பது தொண்ணூறுகள்ல வந்துச்சே, பிளாஸ்டிக் ஷீட்ட தூக்கி ஒட்ற பசை ஆல்பம், அதுல இருந்து ஃபோட்டோவ நகத்தால பேக்காதீங்க. மொதல்ல பக்கத்த அப்படியே ஃபோன்ல படம் எடுத்துக்கோங்க, அப்புறம் பல் இடுக்கு சுத்தம் பண்ற நூல ஃபோட்டோவுக்கு அடியில விட்டு மெதுவா அறுக்கற மாதிரி இழுத்தா பெரும்பாலும் வந்துடும். வரலன்னா விட்டுடுங்க. பேரு எழுதறதுன்னா ஃபோட்டோ பின்னாடி ஓரத்துல பென்சில்ல லேசா எழுதுங்க, பால்பாயிண்ட்ல அழுத்தி எழுதினா மொகத்து மேலயே கோடு எழும்பிடும்.

அடுத்து பொடவ. துணி வெக்கணும்னு எல்லாருக்கும் ஆச, ஒடனே முந்தானைய வெட்டிடுவாங்க. இடுப்புக்குள்ள சொருகற உள்தலப்புல ஒரு கையளவு போதும், மீதி பொடவ பொடவையாவே இருக்கட்டும். வெட்டறதுக்கு முன்னாடி பொண்ணுங்க எல்லார்கிட்டயும் ஒரு வார்த்த கேளுங்க, எங்க வீட்ல கேக்காம போனதால சின்ன சித்தி ரெண்டு மாசம் பேசல, அவங்க பக்கம் நியாயம் இருக்குது. ஒட்டாதீங்க, பசை துணிய தாண்டி வெளிய தெரியும், ஊசி நூல் போட்டு பக்கத்தோட சேத்து தைங்க.

இரும்பு சாமான வெக்கறதும் தப்புதான், துரு எறங்கிடும், புக்கும் மூடாது. ஆயா இங்க வந்து நாப்பது வருஷம் பீடி சுத்தினாங்க. பீடி இலைய வெட்டறதுக்கு அளவுக்கு ஒரு தகடு இருக்கும்ல, ஓரமெல்லாம் தேஞ்சுபோன அந்த தகட்ட ஒட்டணும்னுதான் மொதல்ல நெனச்சேன். அப்புறம் அது மேல மெல்லிசு பேப்பர வெச்சு பென்சில படுக்க வெச்சு தேச்சேன், ஆயா விரல் பட்டு பட்டு வழிஞ்சுபோன மூல வரைக்கும் பேப்பர்ல வந்துடுச்சு. புக்குலயே எனக்கு ரொம்ப புடிச்ச பக்கம் அதுதான்.

இப்ப சொல்றது பசை பேப்பர் விஷயம் இல்ல, ஆனா இதுதான் பெரிய தப்புன்னு எனக்கு தோணுது. நெட்ல பர்மான்னு தேடி ரங்கூன் ஷ்வேடகன் பகோடா (புத்தர் கோயில்), மொகத்துல தனாக்கா சாந்து பூசின யாரோ ஒரு பொண்ணு, ஏதோ ஒரு கப்பல்னு எறக்கி பக்கத்த ரொப்பறது. நானும் அப்படி ஒரு கப்பல் படம் ஒட்டியிருந்தேன், பெரியம்மா பாத்துட்டு "இது எந்த கப்பல்மா? நாங்க வந்தது இது இல்லியே"ன்னாங்க, அன்னிக்கே அத எடுத்துட்டு அந்த எடத்த காலியா விட்டு, "கப்பல்ல பூரா வாந்தி, உன் பெரியம்மாவுக்கு பால் இல்ல"ன்னு ஆயா சொன்னத மட்டும் எழுதினேன்.

பர்மா மட்டுமே ஆயா இல்ல. அங்க இருந்தது இருபத்தாறு வருஷம், இங்க அம்பத்தாறு. தாத்தா கடைய 1964ல அரசாங்கம் எடுத்துக்கினது, வர்றப்போ தோட்டக்கூட கழட்டி குடுத்துட்டு வந்தது எல்லாம் கட்டாயம் வரணும். ஆனா வருஷா வருஷம் வைகாசி 1க்கு கெங்கையம்மன் சிரசு (அம்மன் தலைய ஊர்வலமா எடுத்துனு வர்ற திருவிழா) பாக்க எங்கள இழுத்துனு கூட்டத்துக்குள்ள போன ஆயா எங்க? குடியாத்தம் லுங்கிய பாத்து "எங்க ஊரு லோஞ்சி மாதிரியே கீதே"ன்னு தடவி பாத்த ஆயா? சாயங்காலம் பீடி கட்டு குடுத்துட்டு வந்து, கோதும நூடுல்ஸ்ல புளித்தண்ணியும் வறுத்த வெங்காயமும் போட்டு கையாலயே அத்தோ பெசஞ்சு குடுப்பாங்களே அந்த ஆயா? இதுக்கெல்லாம் பக்கம் மிச்சம் வெக்காம கண்ணீரா ரொப்பிடாதீங்க.

வார்த்தையும் பாத்து போடுங்க. கவர்மெண்ட் பேப்பர்ல "தாயகம் திரும்பியோர்"னு இருக்கும், நான் அதையே தலைப்பா வெச்சிருந்தேன். ஆனா ஆயா அங்கயே பொறந்தவங்க, குடியாத்தத்த கண்ணால பாத்ததே இருபத்தாறு வயசுலதான், அவங்களுக்கு இது எப்படி திரும்பறது? ஊர் பேரையும் இப்பத்த பேருக்கு மாத்தாதீங்க. பழைய கவர்ல "குடியாத்தம், வட ஆற்காடு ஜில்லா"ன்னு இருந்தா அப்படியே எழுதுங்க. பர்மா மியான்மர் ஆனதும், ரங்கூன் யாங்கோன் ஆனதும், நம்ம வட ஆற்காடு ரெண்டா பிரிஞ்சதும் எல்லாம் ஒரே வருஷம், 1989. ஆயா கடைசி வரைக்கும் ரெண்டு ஊரையும் பழைய பேர்லதான் சொன்னாங்க.

உங்க பாட்டி இன்னும் இருக்காங்கன்னா "பர்மா எப்படி இருந்துச்சு"ன்னு கேக்காதீங்க, "நல்லாத்தான் இருந்துச்சு"ன்னு முடிச்சிடுவாங்க. ஒரு சாமான கையில குடுத்து கேளுங்க, இல்ல வெங்காயம் உரிக்கறப்போ பக்கத்துல ஒக்காந்து ஃபோன்ல ரெக்கார்ட் போட்டுட்டு சும்மா இருங்க. எழுதறப்போ "கீது", "இன்னாத்துக்கு"ன்னு அவங்க பேசின மாதிரியே எழுதுங்க, திருத்தாதீங்க. ரெக்கார்ட கேக்கறதுக்குன்னு க்யூஆர் கோடு மட்டும் ஒட்டிட்டு விட்டுடாதீங்க, லிங்க் ஒரு நாள் வேல செய்யாம போயிடும், பேசினது பக்கத்துலயே எழுத்தாவும் இருக்கணும்.

ரிங் பைண்டிங் போடுங்க, துணியெல்லாம் சேந்தா புக்கு ஊதிக்கும். மல்லிப்பூ நல்லா காயாம வெச்சா பூஞ்சை, பூச்சி ரெண்டும் வரும். பரண்ல போடாதீங்க, நம்ம வேலூர் பக்கம் மே மாச வெயில்ல ஷீட் கூரைக்கு அடியில எந்த பேப்பரும் தாங்காது, கீழ் ரூம் பீரோதான் சரி.

கடைசி எட்டு பக்கம் நான் ஒட்டாம காலியா விட்டிருக்கேன். போன சிரசுக்கு வந்தப்போ பெரியம்மா அதுல ஒரு பக்கத்துல ரங்கூன் வீட்டோட படிக்கட்ட பேனாவால வரஞ்சாங்க. கைக்குழந்தையா வந்தவங்க, அந்த வீட்ட பாத்த ஞாபகமே கெடயாது, ஆயா சொல்ல சொல்ல கேட்டதுதான். பதினொரு படி.