மதுரை வெக்கைக்கும் கொடைக்கானல் குளிருக்கும் ஈவி கார் கேபினை ரெடி பண்றது எப்படி

ஈவி, அதாவது பேட்டரியில ஓடுற கார் வாங்குனதும் நான் பண்ண மொத தப்பு, நாலு கதவுக்கு உள்ளயும் கருப்பு ஷீட் ஒட்டுனது. "ஒட்டிட்டு பாருங்கண்ணே, ஏசி சும்மா ஜில்லுண்டு நிக்கும்"ண்டு கடைத் தம்பி சொன்னான், நானும் தலையாட்டிட்டேன். கதவு சாத்துற சத்தம் மட்டும் நல்லா கனமா மாறுச்சு, வெக்கை அப்படியேதான் இருந்துச்சு. அந்த பியூட்டைல் ஷீட் தகரம் அதிர்றத நிறுத்துறதுக்குத்தான், சூட்டை நிறுத்துறதுக்கு இல்லண்டு காசு போனப்புறம்தான் தெரிஞ்சுச்சு.

அதனால கதவ விடுங்க, கண்ணாடியில இருந்து ஆரம்பிங்க. உச்சி வெயில் ஒரு சதுர மீட்டருக்கு கிட்டத்தட்ட 1000 வாட் இறங்கும், முன் கண்ணாடி வழியா அதுல பாதி உள்ள வந்தாலும் டேஷ்போர்டு மேல இஸ்திரிப் பெட்டிய ஆன் பண்ணி வச்ச கதைதான். நிப்பாட்டுறப்ப வெள்ளி கலர் சன்ஷேடு போடுங்க, மூலையில இடுக்கு இல்லாம, கண்ணாடிய ஒட்டி. அதவிட வெளிய இருந்து மூடுற கவர் இன்னும் நல்லது, ஏன்னா வெயில் கண்ணாடிய தாண்டவே தாண்டாது. இதெல்லாம் இல்லாட்டி வேப்பமரத்தடி, காக்கா எச்சத்த மட்டும் பொறுத்துக்கணும்.

ஃபிலிம் ஒட்டுறவங்க கவனிங்க. சட்டப்படி முன் கண்ணாடியும் பின் கண்ணாடியும் 70 சதவீத வெளிச்சத்த உள்ள விடணும், சைடு 50. கம்பெனி கண்ணாடியே சிலதுல லேசா கலரோட வரும், அதுக்கு மேல கருப்பு ஒட்டுனா கணக்கு கீழ போயிரும். கருப்பா இருந்தாத்தான் சூட்டைத் தடுக்கும்ங்கிறது தப்பு, பாக்க தெளிவா இருந்துக்கிட்டே இன்ஃப்ராரெட்ட, அதாவது வெயில்ல கண்ணுக்குத் தெரியாத வெக்கைக் கதிர மட்டும் தடுக்குற ஃபிலிம் இருக்கு, விலை கூடத்தான்.

அடுத்தது கூரை. ரூஃப் லைனிங்க கழட்டி, ஏசி பைப்புக்கு சுத்துவாங்கல்ல அந்த கருப்பு ரப்பர் ஃபோம், அதுல 6 மில்லி ஷீட் வாங்கி தகரத்தோட உள்பக்கம் ஒட்டணும். தெர்மாகோல் வேண்டாம், பெவிபாண்ட் மாதிரி பசை அதக் கரைச்சிரும். பஞ்சு மாதிரி எதையும் வைக்காதீங்க, தண்ணி இழுத்துக்கிட்டு துரு புடிக்கும். கூரை ஓரத்துல கர்ட்டன் ஏர்பேக் இருக்கிற வண்டியா இருந்தா அந்தப் பக்கமே கை வைக்கக் கூடாது, லைனிங் கழட்டுறதயும் தெரிஞ்ச ஆளுகிட்ட விட்டுருங்க. தரையில எதுக்காகவும் ட்ரில் போடாதீங்க, கீழதான் பேட்டரியும், ஹை வோல்டேஜ் கரண்டு போற ஆரஞ்சு கலர் கேபிளும் இருக்கு.

கதவச் சுத்தி இருக்கிற ரப்பர் பீடிங்க செக் பண்ண ஒரு பத்து ரூபா நோட்டு போதும், இடையில வச்சு கதவ சாத்திட்டு இழுத்துப் பாருங்க, சுளுவா உருவிட்டு வந்தா ரப்பர் செத்துருச்சுண்டு அர்த்தம்.

வண்டி எடுக்குறப்ப ஏசிய உடனே புல்லா போடாம, நாலு கண்ணாடியும் இறக்கி ஒரு நிமிசம் ஓட்டுங்க, உள்ள வெந்துக்கிட்டு இருந்த காத்து போயிரும். அப்புறம் ஏசி, ரீசர்க்குலேசன் (வெளிக்காத்த விடாம உள்ள இருக்கிற காத்தயே சுத்த விடுறது), 25 இல்லாட்டி 26 டிகிரி. சார்ஜர்ல இருக்கும்போதே ஃபோன்ல இருந்து ஏசி போடுற வசதி இருந்தா இன்னும் சவுரியம், வீட்டு கரண்டுல குளுந்துரும்.

இனி ஹீட்டர். மதுரையில அந்த பட்டன் எங்க இருக்குண்டே நமக்குத் தெரியாது, கொடைக்கானல் போற அன்னைக்குத்தான் தேடுவோம். பெட்ரோல் வண்டியில இன்ஜின் சூடு சும்மா கிடைக்கும், ஈவியில அது கிடையாது, ஹீட்டர் நேரா பேட்டரியத்தான் திங்கும். கரண்டுல கம்பி சூடாகுற மாதிரியான சாதா பிடிசி ஹீட்டர் ஆரம்பத்துல 3 கிலோவாட்டுக்கு மேலகூட இழுக்கும், சராசரியா 2 கிலோவாட்டுண்டு வச்சு ரெண்டு மணி நேரம் ஓட்டுனா 4 யூனிட் போச்சு. ஹீட் பம்ப், அதாவது ஏசிய திருப்பிப் போட்ட மாதிரி வெளிக்காத்துல இருந்து சூட்ட எடுத்து உள்ள விடுறது இருக்கிற வண்டின்னா அதே சூட்டுக்கு பாதியோ அதுக்கும் கம்மியோதான் ஆகும், வாங்குறதுக்கு முன்னாடியே கேட்டுக்கங்க.

இதுல மலை ஏத்தம் வேற. ஆளுகளோட 1600 கிலோ வண்டிய 2000 மீட்டர் தூக்குறதுக்கு மட்டுமே 8 யூனிட்டுக்கு மேல வேணும், அதுபோக மோட்டார் நஷ்டம், ரோட்டுத் தேய்மானம். அதனால வத்தலக்குண்டுல டீயோட சார்ஜயும் ஏத்திக்கங்க. ஏறுறப்ப ஹீட்டர் தேவைப்படாது, பெருமாள்மலை தாண்டுனாத்தான் நடுங்கும், அதுக்கும் ஸ்வெட்டர் இருக்கு. சீட் ஹீட்டர் இருந்தா அதப் போடுங்க, ஒரு சீட்டுக்கு 100 வாட்டுக்குள்ளதான், முதுகு சூடா இருந்தா காத்து 20 டிகிரியில இருந்தாலே போதும்.

ரீசர்க்குலேசன்ல சூடு தங்கும், ஆனா நாலு பேரு மூச்சுல கண்ணாடி பனி மூடிரும். அப்ப வெளிக்காத்துக்கு மாத்திட்டு ஏசி பட்டனையும் சேத்து அமுக்குங்க, குளிர்ல ஏசியாண்டு வீட்டுல கேப்பாங்க, ஈரத்த உறிஞ்சுறது அதுதான்.

காலையில கெளம்புறதுக்கு 15 நிமிசம் முன்னாடி, லாட்ஜ் பிளக்குல இருக்கும்போதே கேபின சூடு பண்ணிருங்க. ஆனா மலை மேல சார்ஜ 100 சதவீதம் ஏத்தாதீங்க, 80-லயே நிறுத்துங்க, பேட்டரி நிறைஞ்சிருந்தா இறக்கத்துல ரீஜென் (மோட்டாரே வேகத்தக் குறைச்சு அந்தக் கரண்ட பேட்டரிக்கு அனுப்புறது) வேலை செய்யாது, வத்தலக்குண்டு வரைக்கும் பிரேக்க மிதிச்சுக்கிட்டே வரணும்.